தவப்பூனை முதல் ஸ்டேஷன் மாஸ்டர் பூனை வரை: வாசகர் கேள்வி – பதில்

பெயர்பெற்ற பூனைகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வாட்ஸ்அப்பில் படித்த ஒரு செய்தியைச் சொல்லி 'இது மெய்யா?' என்று கேட்பவையாக இருந்தன. ஆகவே, ஆவணம் உள்ள பூனைகளை ஆவணத்தோடும், வழிவழியாகச் சொல்லப்படுபவற்றை வழக்கு என்ற குறிப்போடும் இங்கே தருகிறோம்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒரு பூனையைக் காட்டி, 'இதுவும் தவம் செய்கிறது' என்று சொல்லிவிட்டு வழிகாட்டி நகர்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய சிற்பத்தில் அந்தப் பூனைக்கு என்ன வேலை?
— வாசகி, செங்கல்பட்டு

தொண்ணூறு அடிக்கும் மேல் நீளமுள்ள அந்தப் பாறையில் தேவர்களும் முனிவர்களும் நாகர்களும் யானைகளும் நிறைந்திருக்கிறார்கள். பெரிய யானையின் பக்கத்தில், பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி நிற்கிறது பூனை. அதன் காலடியில் எலிகள். இடப்புறம் மேலே ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் மனிதரைப் பார்த்துவிட்டு இந்தப் பூனையைப் பார்த்தால், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி வேண்டுமென்றே செய்த கேலி இது என்பது புரிந்துவிடும். அந்த மனிதர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பூனை யார் என்பதில் அவ்வளவு தகராறு இல்லை.

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், போர் மூளும் தறுவாயில், துரியோதனன் சகுனியின் மகன் உலூகனைப் பாண்டவர் பாசறைக்குத் தூது அனுப்புகிறான். தருமரிடம் சொல்லச் சொல்லி அவன் சொல்லியனுப்பும் கதைகளில் ஒன்று இது. கங்கைக் கரையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவக்கோலம் பூணுகிறது. நாளடைவில் பறவைகள் அஞ்சாமல் அருகில் வருகின்றன. எலிகளும் கூடிப் பேசி, நமக்குப் பகைவர்கள் மிகுதி, இவரைத் தாய்மாமனாக ஏற்று இவர் காவலில் இருப்போம் என்று முடிவெடுக்கின்றன. பூனையும் சம்மதிக்கிறது, ஆனால் தவத்தால் உடல் தளர்ந்துவிட்டதால், தன்னை நாள்தோறும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுகிறது. அதன் உடல் தேறத் தேற எலிகளின் தொகை குறைகிறது. கடைசியில் ஒரு கிழட்டு எலிதான் உண்மையைப் பிடிக்கிறது. கனியும் கிழங்கும் மட்டுமே உண்பவருடைய கழிவில் மயிர் எப்படி வந்தது என்று அது கேட்கிறது. பழைய இலக்கியத்தில் இவ்வளவு கச்சிதமான துப்பறிதலை நான் அதிகம் பார்த்ததில்லை. 'உன் அறமும் அந்தப் பூனையின் தவம் போன்றதுதான்' என்று தருமரைப் பார்த்துச் சொல்வதற்காகத் துரியோதனன் இந்தக் கதையை எடுக்கிறான் என்பதுதான் வேடிக்கை. சூதாட்டத்தில் நாட்டைப் பறித்தவன் வாயில் வரும் கதை இது.

நம் பேச்சில் வரும் 'உருத்திராட்சப் பூனை'யும் இதே குணமுடையதுதான். ஆனாலும் தமிழ்ச் சமய மரபில் பூனைக்கு இழிவு மட்டுமே உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். வைணவத்தில் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், தான் எதுவும் செய்யாமல் தாயின் வாயில் தொங்கிச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலையாரும் சரணாகதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மார்ஜார நியாயம் என்ற அந்த விளக்கத்தில், தாய்ப்பூனை இருப்பது இறைவனின் இடத்தில்.

பாரசீகர்கள் கேடயங்களில் பூனைகளைக் கட்டிக்கொண்டு போரிட்டதால் எகிப்தியர்கள் தோற்றார்கள் என்று படித்தேன். நடந்ததா?
— கல்லூரி மாணவர், மதுரை

கி.மு. 525இல் பெலூசியம் என்ற இடத்தில் பாரசீக மன்னர் காம்பைசிஸ் எகிப்தை வென்றது வரலாறு. பூனை, நாய் முதலிய புனித விலங்குகளைப் படையின் முன்னணியில் நிறுத்தினார், அவற்றின் மேல் அம்பெய்ய எகிப்தியர் தயங்கினார்கள் என்ற செய்தி பாலியேனஸ் என்பவர் எழுதிய போர்த்தந்திர நூலில் வருகிறது. அவர் வாழ்ந்தது கி.பி. 2ஆம் நூற்றாண்டில், அதாவது போர் முடிந்து ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தப் போர் முடிந்து நூறு ஆண்டுகளுக்குள் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸோ போர்க்களத்துக்கே போய் எலும்புகளைப் பார்த்தவர். பாரசீகரின் மண்டையோடு கூழாங்கல் பட்டாலே உடைகிறது, எகிப்தியரின் மண்டையோட்டைக் கல்லால் அடித்தாலும் உடைக்க முடியவில்லை என்று வரை எழுதிய அவர், பூனைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மண்டையோட்டைத் தட்டிப் பார்த்தவர் இப்படி ஒரு செய்தி காதில் விழுந்திருந்தால் விட்டிருப்பாரா?

அப்படியானால் எகிப்தியர்கள் பூனைகளை வழிபட்டார்கள் என்பதும் கதையா?
— வாசகர், திருச்சி

இல்லை, அதற்குச் சான்று குவிந்து கிடக்கிறது. பாஸ்டெட் என்ற தேவிக்குப் பூனை உரியது. பூபாஸ்டிஸ் நகரில் அவளுக்குப் பெருங்கோயில் இருந்தது. வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ், தற்செயலாக ஒரு பூனையைக் கொன்றுவிட்ட ரோமானியரைக் கூட்டம் அடித்துக் கொன்றதைத் தம் கண்ணால் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார். ரோமின் தயவு வேண்டியிருந்த அரசர், அந்த மனிதரைக் காப்பாற்ற அதிகாரிகளை அனுப்பியும் பயனில்லை.

பெயர் தெரிந்த பழைய பூனை வேண்டுமென்றால் தா-மியூ இருக்கிறது. மூன்றாம் அமென்ஹோடெப் மன்னரின் மூத்த மகன் துட்மோஸ், தம் பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லில் ஈமப்பேழை செய்து வைத்தார். படையல் மேசைக்கு முன்னால் பூனை கம்பீரமாக அமர்ந்திருக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பிற்காலத்தில் கோயிலுக்கு நேர்ந்துகொள்ள வருபவர்களுக்கு விற்பதற்காகவே பூனைகளை வளர்த்து, குட்டிப் பருவத்திலேயே கழுத்தை முறித்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டிவிட்டன. அவ்வாறு பதப்படுத்திப் புதைக்கப்பட்ட பூனைகள் ஏறக்குறைய 1,80,000, 1890இல் கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போய், டன் கணக்கில் ஏலம் விடப்பட்டு வயலுக்கு உரமாயின.

போப்பாண்டவர் ஆணையிட்டுப் பூனைகளைக் கொன்றதால்தான் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியதா?
— வாசகர், நாகர்கோவில்

ஒன்பதாம் கிரிகோரி 1233இல் வெளியிட்ட ஒரு மடல், ஜெர்மனியில் சமயத் துரோகிகள் நடத்துவதாகச் சொல்லப்பட்ட சடங்கில் கறுப்புப் பூனை ஒன்று வருவதாக விவரிக்கிறது. பூனைகளைக் கொல்லுங்கள் என்ற ஆணை அதில் இல்லை. கொள்ளைநோய் ஐரோப்பாவை அடைந்தது 1347இல். இடையில் நூறு ஆண்டுகளுக்கும் மேல். போதாக்குறைக்கு, அந்த நோய் பூனைகளையும் தாக்கக்கூடியது.

பழைய கப்பல்களில் பூனை வளர்ப்பார்கள் என்று என் தாத்தா சொல்லுவார். அவற்றில் பெயர்பெற்றவை உண்டா?
— துறைமுக ஊழியர், தூத்துக்குடி

எலி தானியத்தைத் தின்னும், கயிற்றைக் கடிக்கும், நோயைப் பரப்பும்; ஆகவே கப்பலில் பூனை என்பது செல்லப் பிராணி அல்ல, சம்பளமில்லாத பணியாள். அத்தகைய பூனைகள் பலவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது ட்ரிம். 1799இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலிலேயே பிறந்தது. கறுப்பு உடல், வெள்ளைப் பாதங்கள், மார்பில் நட்சத்திரம் போன்ற வெள்ளை அடையாளம். குட்டியாக இருந்தபோது கடலில் விழுந்து, நீந்தி வந்து, கயிற்றைப் பற்றி ஏறிக்கொண்டதாம். ஆஸ்திரேலியாவை முதன்முதலாகச் சுற்றிவந்து கடற்கரை வரைபடம் தயாரித்த மேத்யூ ஃபிளிண்டர்ஸின் பூனை அது. உணவு மேசையில், பேச்சு மும்முரத்தில் யாராவது முள்கரண்டியை வாயருகே நிறுத்திவிட்டால் அதிலிருக்கும் துண்டைத் தட்டிப் பறித்துவிடும் என்று ஃபிளிண்டர்ஸே எழுதியிருக்கிறார். நாடு திரும்பும் வழியில் மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைச் சிறைவைத்தபோது ட்ரிம் அங்கே காணாமல் போயிற்று. சிறையிருப்பிலேயே 1809இல் அவர் அதற்கு ஓர் இரங்கலுரை எழுதினார். சிட்னியின் மிட்செல் நூலகத்தின் ஜன்னல் விளிம்பில், ஃபிளிண்டர்ஸின் சிலைக்குப் பின்புறம், 1996 முதல் ட்ரிம்முக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது.

இரண்டாவது மிஸஸ் சிப்பி. 1914இல் அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்ட துருவப் பயணி ஷேக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலில், தச்சர் ஹாரி மெக்னிஷை விட்டு ஒரு நொடியும் பிரியாமல் திரிந்த பூனை. அதனாலேயே தச்சரின் மனைவி என்று கேலிப்பெயர் வைத்துவிட்டார்கள். அது ஆண் பூனை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் இரவில் அது கடலில் குதித்துவிட, கப்பலையே திருப்பி அதை மீட்டார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட பூனையைத்தான், பனிப்பாறைகள் கப்பலை நசுக்கிய பிறகு, 1915 அக்டோபர் 29 அன்று சுட்டுக் கொல்ல ஷேக்கிள்டன் முடிவெடுத்தார். பனியின் மேல் படகுகளை இழுத்துக்கொண்டு நடக்கப் போகிறவர்களிடம் பூனைக்குக் கொடுக்க உணவில்லை என்பது அவருடைய கணக்கு. அந்த முடிவைக் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மெக்னிஷ் அதைச் சாகும்வரை மன்னிக்கவில்லை என்பதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஷேக்கிள்டன் உதவி தேடி தெற்கு ஜார்ஜியா தீவுக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் கடந்து போன சிறு படகைப் பயணத்துக்குத் தகுதியாக்கியவர் மெக்னிஷ்தான். பனியில் ஒருமுறை தலைவரின் கட்டளைக்குப் பணிய மறுத்தார் என்பதால், பயணம் முடிந்து துருவப் பதக்கங்கள் வழங்கப்பட்டபோது அவருக்குக் கிடைக்கவில்லை. 1930இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் வறுமையில் இறந்தார். 2004இல் நியூசிலாந்து அண்டார்க்டிக் சங்கம் அவருடைய கல்லறையின் மேல் வைத்தது, வெண்கலத்தில் செய்த மிஸஸ் சிப்பியை.

மூன்றாவது சைமன். 1948இல் ஹாங்காங் துறைமுகத்தில் மெலிந்து கிடந்த கறுப்பு வெள்ளைப் பூனையைப் பதினேழு வயது மாலுமி ஒருவர் அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஒளித்துக் கொண்டுவந்தார். 1949 ஏப்ரல் 20 அன்று யாங்சி ஆற்றில் சென்றுகொண்டிருந்த அந்தக் கப்பலின் மேல் சீனக் கம்யூனிஸ்ட் படையின் பீரங்கிகள் சுட்டதில், கேப்டன் ஸ்கின்னர் படுகாயமுற்று இறந்தார். சைமனும் தீக்காயமும் குண்டுச் சிதறல்களும் பட்டுக் கிடந்தது. பிழைக்காது என்று நினைத்தார்கள். அது பிழைத்தெழுந்து, ஆற்றில் 101 நாட்கள் அடைபட்டுக் கிடந்த கப்பலின் உணவுக் கிடங்கை எலிகளிடமிருந்து காத்தது. கப்பல் இரவோடு இரவாகத் தப்பித்து இங்கிலாந்து திரும்பியபோது சைமனுக்குப் புகழ் காத்திருந்தது. ஆனால் விலங்குகளுக்கான தனிமைக்காவல் விதி பூனை வீரனுக்கும் பொருந்தும் அல்லவா? அந்தக் காவல் முடிவதற்குள், 1949 நவம்பர் 28 அன்று அது இறந்துவிட்டது. போரில் உதவிய விலங்குகளுக்காக 1943இல் ஏற்படுத்தப்பட்ட டிக்கின் பதக்கத்தைப் பெற்ற ஒரே பூனை சைமன்தான். மற்றவை பெரும்பாலும் நாய்களும் புறாக்களும்.

மூன்று கப்பல்கள் மூழ்கியும் பிழைத்த 'மூழ்காத சாம்' என்ற பூனை?
— அதே துறைமுக ஊழியர்

நல்ல கதை, நம்புவதற்குத்தான் கடினமாக இருக்கிறது. ஜெர்மனியின் போர்க்கப்பலான பிஸ்மார்க் 1941 மே 27 அன்று மூழ்கியபோது, மிதந்துகொண்டிருந்த பூனையைப் பிரிட்டிஷ் கப்பலான கோசாக் மீட்டதாம். அக்டோபரில் கோசாக் மூழ்கியது. பூனை ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு மாறியது. நவம்பரில் அதுவும் மூழ்கியது. கப்பல்கள் மூழ்கிய தேதிகளெல்லாம் சரி. ஆனால் பிஸ்மார்க்கிலிருந்து தப்பியவர்களை நீரிலிருந்து தூக்கிய பிரிட்டிஷ் கப்பல்கள் டார்செட்ஷயரும் மாவோரியும், கோசாக் அல்ல. நீர்மூழ்கி இருப்பதாக ஐயம் எழுந்ததும் அவையும் நூற்றுக்கணக்கான மனிதர்களைக் கடலிலேயே விட்டுவிட்டு விரைந்தன. அந்த நேரத்தில் பூனையைத் தேடி எடுத்தார்கள் என்பதை எப்படி ஏற்பது? சாமின் படம் என்று ஓர் ஓவியம் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியம் இருப்பது கதைக்குச் சான்றாகிவிடாது.

லைக்கா நாய் விண்வெளிக்குப் போனது தெரியும். பூனை போயிருக்கிறதா?
— பத்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு

போயிருக்கிறது, உயிரோடு திரும்பியும் வந்திருக்கிறது. 1963 அக்டோபர் 18 அன்று, அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்திலிருந்த அம்மாகீர் தளத்திலிருந்து பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெரோனிக் ராக்கெட்டில் ஒரு பெண் பூனையை அனுப்பினார்கள். 150 கிலோமீட்டருக்கும் மேல் எழும்பி, சில நிமிடங்கள் எடையற்ற நிலையில் இருந்து, கால் மணி நேரத்துக்குள் பாராசூட்டில் அது தரையிறங்கியது. மூளையின் செயல்பாட்டை அளக்க அதன் மண்டையில் முன்கூட்டியே மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தன. பயிற்சி பெற்ற 14 பூனைகளுக்கும், பாசம் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெயரே வைக்கவில்லை. ஃபெலிசெட் என்ற பெயர் பறந்து திரும்பிய பிறகு வந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, மூளையை ஆராய்வதற்காக அதைக் கொன்றுவிட்டார்கள். அடுத்த வாரமே அனுப்பப்பட்ட இரண்டாவது பூனை உயிரோடு திரும்பவில்லை.

பிற்பாடு வெவ்வேறு நாடுகள் வெளியிட்ட அஞ்சல்தலைகளில், ஃபெலிக்ஸ் என்ற ஆண் பூனை போனதாகவே அச்சாயிற்று. 2019 டிசம்பரில்தான், பொதுமக்கள் தந்த நன்கொடையில், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் அருகிலுள்ள சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகத்தில் ஃபெலிசெட்டுக்குச் சிலை வைத்தார்கள்.

ஜப்பானில் ஒரு பூனை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்ததாமே? முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: எந்த விதியின்படி நியமித்தார்கள்?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்

தனியார் ரயில்வே ஐயா, ஆகவே விதி அவர்கள் வகுத்ததுதான். வாகயாமா மாகாணத்தில் கிஷிகாவா என்று 14.3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கிளைப்பாதை. நட்டத்தில் ஓடியதால் பெரிய நிறுவனம் அதைக் கைவிட, 2006இல் வாகயாமா மின்சார ரயில்வே என்ற புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. செலவைக் குறைக்கக் கடைசி நிலையமான கிஷியில் ஆட்களை எடுத்துவிட்டார்கள். நிலையத்தை ஒட்டியிருந்த கடையில் வளர்ந்த மூவண்ணப் பூனை டாமா. அது தங்க இடமில்லாமல் போகும் நிலை வந்தபோது, நிறுவனத் தலைவர் கோஜிமா 2007 ஜனவரியில் அதை ஸ்டேஷன் மாஸ்டராக முறைப்படி நியமித்தார். அளவெடுத்துத் தைத்த தொப்பி, பெயர்ப்பட்டை, சம்பளத்துக்குப் பதிலாகப் பூனை உணவு. பணி: பயணிகளை வரவேற்பது.

இதைப் பார்க்கவே வண்டியேறி வரும் கூட்டம் பெருகியது. 2009இல் டாமாவின் படங்கள் வரைந்த ரயில் ஒன்று விடப்பட்டது. 2010இல் நிலையக் கட்டடத்தையே பூனை முகம் போலக் காதும் கண்ணுமாகத் திருப்பிக் கட்டினார்கள். டாமாவுக்குப் பதவி உயர்வும் தொடர்ந்து கிடைத்தது. அதன் வேகத்தைக் கேட்டால் தங்களுக்குப் பொறாமை வரக்கூடும் என்பதால் விவரத்தை விட்டுவிடுகிறேன். 2015 ஜூன் 22 அன்று, 16 வயதில் டாமா இறந்தபோது, ஷின்டோ முறைப்படி நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். நிலையத்திலேயே ஒரு சிறு கோயில் எழுப்பி அதைத் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டராக நிடாமா என்ற பூனை பொறுப்பேற்றது. இது வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். ஆம், தந்திரம்தான், ஒரு கிராமத்து ரயில் பாதை மூடப்படாமல் இருக்கிறது.

ஷ்ரோடிங்கரின் பூனை கடைசியில் செத்ததா, பிழைத்ததா?
— இயற்பியல் ஆசிரியை, திண்டுக்கல்

அப்படி ஒரு பூனையே இருந்ததில்லை என்று தங்களுக்குத் தெரியும். மாணவர்கள் கேட்டுத் துளைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஷ்ரோடிங்கர் 1935இல் எழுதியது ஒரு கற்பனைச் சோதனை. அணு சிதைந்ததும் சிதையாததுமான இரு நிலைகளில் ஒரே சமயத்தில் இருக்கும் என்றால், அதோடு இணைத்த நச்சுக்குப்பி இருக்கும் பெட்டிக்குள் பூனையும் செத்தும் பிழைத்தும் இருக்க வேண்டுமே, இது அபத்தம் அல்லவா என்று மடக்குவதற்காக அவர் சொன்னது. இன்றைக்கு மேடைகளில் அதை அவருடைய கொள்கை போலவே எடுத்துப் பேசுகிறார்கள்.

இயற்பியலில் உண்மையாகவே இடம்பிடித்த பூனை வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாக் ஹெதரிங்டன், ஹீலியம்-3 அணுக்களைப் பற்றிய கட்டுரை முழுவதையும் 'நாங்கள்' என்றே எழுதிவிட்டார். ஒருவர் மட்டும் எழுதிய கட்டுரையில் அப்படி எழுதினால் இதழாசிரியர் திருப்பி அனுப்புவார் என்று நண்பர் எச்சரித்தார். அது தட்டச்சுக் காலம். முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்குச் சோம்பி, தம் சயாமியப் பூனை செஸ்டரை எஃப். டி. சி. வில்லார்ட் என்ற பெயரில் இணையாசிரியராகச் சேர்த்துவிட்டார். 1975 நவம்பரில் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் கட்டுரை வெளிவந்தது. பிறகு நண்பர்களுக்குக் கொடுத்த பிரதிகளில் செஸ்டரின் பாதத்தை மையில் தோய்த்துக் கையொப்பமும் இட்டார்கள்.

ஒரே ஒரு பூனை ஒரு பறவையினத்தையே அழித்தது என்கிறார்களே?
— பறவை ஆர்வலர், மதுராந்தகம்

நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் தீவில், 1894இல் கலங்கரை விளக்கம் தொடங்கியபோது வந்த திபில்ஸ் என்ற பூனைதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. பறக்கத் தெரியாத சிறு பறவைகளை ஒவ்வொன்றாக அது கொண்டுவந்து போட, உதவிக் காவலர் டேவிட் லயால் அவற்றைப் பதப்படுத்தி அறிஞர்களுக்கு அனுப்பினார். புதிய இனம் என்று அறிஞர்கள் பெயரிட்டு முடிப்பதற்குள் இனமே அற்றுப்போகும் நிலை. ஆனால் 2004இல் பழைய ஆவணங்களை அலசிய ஆய்வாளர்கள், தீவில் பூனைகள் பெருகி ஒரு கூட்டமாகவே வேட்டையாடின என்று காட்டினார்கள். இன்னொன்று: இதே பறவை ஒரு காலத்தில் நியூசிலாந்தின் பெருநிலத்திலும் இருந்தது. அங்கே அதை அழித்தவை, மனிதர்களின் படகுகளில் வந்த எலிகள். ஆகவே திபில்ஸைத் தனியாகத் தண்டிப்பது முறையாகாது. பூனையையும் எலியையும் அங்கே கொண்டுபோனது யார் என்ற கேள்வியும் இருக்கிறதே.

தமிழ் இலக்கியத்தில் பெயர்பெற்ற பூனை எது?
— தமிழாசிரியர், யாழ்ப்பாணம்

பெயர் சூட்டப்பட்ட பூனை என்றால் எனக்கு எதுவும் நினைவில் வரவில்லை. புகழ்பெற்ற பூனை என்றால் கம்பருடையதுதான். அவையடக்கத்தில், 'ஓசை பெற்று உயர் பாற்கடல் உற்று ஒரு பூசை முற்றவும் நக்குபு புக்கென' இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார். அலையோசை எழும்பும் பாற்கடலின் கரையில், அத்தனையையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று நிற்கும் பூனை! அடக்கம் சொல்ல வந்த பாட்டில் ஆசையின் அளவும் தெரிந்துவிடுகிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்த பூனை அது என்பதையும் மறக்க வேண்டாம்.

அதற்கு முன்பே, புறநானூற்றின் 117ஆம் பாடலில் கபிலர் காட்டுப்பூனையைக் கொண்டுவருகிறார். பாரியின் நாட்டில் முல்லை அரும்புகள் 'பிள்ளை வெருகின் முள் எயிறு புரைய' முகைக்கின்றன. குட்டிப் பூனை வாயைத் திறக்கும்போது தெரியும் கூரிய வெண்பற்களை மிக அருகில் பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும். பாரியின் மறைவுக்குப் பின் பாடியது என்பதால், அந்த முல்லையைப் படிக்கையில் மனம் கனக்கிறது.

பூனையே கதை சொல்லும் நாவல் உண்டா?
— நூலகர், கோவை

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் 'நான் ஒரு பூனை'. 1905, 1906 ஆண்டுகளில் இதழில் தொடராக வந்தது. ஓர் ஆசிரியரின் வீட்டில் அண்டி வாழும் பெயரில்லாத பூனை, அங்கே வந்துபோகும் படித்தவர்களின் வெட்டிப்பேச்சை ஏளனத்தோடு கவனித்துச் சொல்கிறது. சோசெகியின் வீட்டுக்கு வந்துசேர்ந்த தெருப்பூனையே அதற்கு மாதிரி. அதற்கும் அவர் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. ஆனால் 1908இல் அது இறந்தபோது தம் மாணாக்கர்களுக்கு முறையாக அஞ்சலட்டையில் இழவுச் செய்தி அனுப்பினார். நாவலின் பூனை எப்படி முடிகிறது என்பதைத் தாங்களே படித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துப் பிரதமர் வீட்டுப் பூனைக்கு அரசுப் பதவி உண்டாமே?
— வாசகி, சேலம்

உண்டு. லாரி என்ற பூனை 2011 பிப்ரவரியில் லண்டனின் பாட்டர்சீ விலங்குக் காப்பகத்திலிருந்து 10, டவுனிங் தெருவுக்கு வந்தது. பதவியின் பெயர் அமைச்சரவை அலுவலகத்தின் தலைமை எலிபிடிப்பாளர். கேமரன், மே, ஜான்சன், ட்ரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. கட்சி மாறியபோதும் வீடு மாறவில்லை. அது அரசு ஊழியரே தவிர அரசியல்வாதி அல்ல. எலி பிடிப்பதில் அக்கறை போதாது என்று பத்திரிகைகள் தொடக்கத்திலிருந்தே குறை சொல்லிவருகின்றன.

டாம் அண்ட் ஜெர்ரியில் டாம் ஒருமுறையாவது ஜெயித்திருக்கிறதா? என் பேரன் கேட்கச் சொன்னான்.
— வாசகர், கும்பகோணம்

அபூர்வமாக. 1940 பிப்ரவரியில் வந்த முதல் படத்தில் பூனைக்கு டாம் என்ற பெயர்கூட இல்லை, ஜாஸ்பர் என்று இருந்தது. அப்போதே தோல்வி தொடங்கிவிட்டது. ஆனால் 1944இல் வந்த ஒரு படத்தில், எந்த உயிருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு டாமுக்குப் பத்து லட்சம் டாலர் சொத்து வருகிறது. எலி விடாமல் சீண்ட, கடைசியில் டாம் பொறுமையிழந்து, சொத்துப் போனால் போகட்டும் என்று எலியைத் துவைத்தெடுக்கிறது. பணம் போகிறது, ஆனாலும் எனக்கு மகிழ்ச்சிதான் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லவும் செய்கிறது. இதை வெற்றி என்று கொள்ளலாமா என்பதைப் பேரனே தீர்மானிக்கட்டும்.